யார் போட்டுப் பார்த்தது?

மச்சான் கையால் வரும் விதைக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை தீபத்தின்போது அப்படி ஒரு சாக்கு விதை வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் அந்த வீட்டு அம்மாவின் தம்பி. ஆரணிப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் வைப்பவர். திருவண்ணாமலை மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி காளை பார்த்துவிட்டு, தீபம் கும்பிட்டுவிட்டு, அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்க வந்திருந்தார்.

"மாமா, இந்த நெல்லப் போடுங்க. போன வருசம் ஏக்கருக்கு முப்பத்திரண்டு மூட்ட. யாரோ சொன்னதில்ல, என் கழனிதான்."

மாமாவுக்கு இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசனக் கழனி. அதை ஒட்டி ஒரு ஏக்கர் கொல்லை. கொல்லையில் மல்லாட்டை, கழனியில் நெல். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கிணறு மேலே நின்றது. விதை சன்ன ரகம், ஆரணி அரிசி ஆலைக்காரர்கள் தேடி வாங்குவது. ஊரில் 'ஆந்திரா பொன்னி' என்பார்கள், சிலர் 'பாபட்லா' என்பார்கள். வேளாண்மைத் துறைப் பதிவேட்டில் அதற்கு பி.பி.டி. 5204 என்று பெயர். மார்கழி முதல் வாரத்தில் நாற்று விட்டார், தை கடைசியில் இரண்டு ஏக்கரில் நட்டார். பொங்கல் சீரோடு வந்த மச்சான் நாற்றங்காலைப் பார்த்து, "நல்லா எழும்பியிருக்கு மாமா" என்றுதான் சொன்னார்.

மாசியில் இலையில் கண் வடிவப் புள்ளி விழுந்தது. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பயிர் வெளிறுகிறது, சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு மூட்டை யூரியாவைத் தூவினார். அது குலை நோய். பின்பனியின் ஈரமும் இரவுக் குளிரும் இருக்கும்போது தழைச்சத்தையும் கூட்டிக் கொடுத்தால் அந்த நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. அடுத்து மருந்துக் கடைக்குப் போனார். கடையில் ஒன்றுக்கு மூன்று பாட்டில் கொடுத்தார்கள். ஒருவழியாக நோய் அடங்கிப் பயிர் தேறிக் கதிர் தள்ளியபோது சித்திரை பிறந்துவிட்டது, கிணறு அடியைத் தொட்டுவிட்டது. மோட்டார் அரை மணி ஓடினால் மூன்று மணி நேரம் ஊறவேண்டும். பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. அறுவடையில் ஏக்கருக்கு ஒன்பது மூட்டை, அதிலும் பாதி கருக்காய். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்த அந்த அம்மாவின் சங்கிலியை அந்த வருடம் திருப்ப முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்குத் தம்பி வழக்கம்போல் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக வந்தார். மாமா அவரைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். வெட்ட வேண்டிய வேலை எதுவும் அன்றைக்குக் கழனியில் இல்லை. தம்பி திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே போன அக்கா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. தம்பிக்கு முப்பத்திரண்டு மூட்டை விளைந்தது உண்மை. விதை நல்ல விதை. ஆனால் அவர் நாற்று விட்டது ஆடிக் கடைசியில், சம்பாப் பட்டத்தில். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்தப் பயிர் மேல்தான் பெய்தது, பிறகு ஏரித் தண்ணீர் இருந்தது. அந்த ரகத்துக்கு 145 முதல் 150 நாள் வேண்டும். குலை நோயைத் தாங்கும் சக்தி குறைவு. நவரைப் பட்டத்தில் ஒற்றைக் கிணற்றை நம்பி வைக்கிற நெல் இல்லை அது. ஆரணியிலிருந்து போளூர் வழியாக வந்த பேருந்தில் விதை வந்தது, மூட்டைக் கணக்கு வந்தது. பட்டமும் தண்ணீரும் ஆரணியிலேயே இறங்கிக்கொண்டன.

இந்த மாதிரி இதழ்களின் கேள்வி–பதில் பக்கத்துக்கு வரும் கடிதங்களைக் கவனித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். 'சொல்கிறார்கள்'. பக்கத்து ஊரில் மீன் அமிலம் அடித்தால் பூ கொட்டாது என்று சொல்கிறார்கள், உண்மையா? இந்த ரகத்தில் களை வராது என்று சொல்கிறார்கள், போடலாமா? கேட்பவருக்கு விஷயம் முன்பே தெரியும். சொன்னவரை நம்பலாமா என்பதைத்தான் அஞ்சல் அட்டையில் எழுதிக் கேட்கிறார்.

2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் தன் 59-வது சுற்றில் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களிடம், புதிய தொழில்நுட்பத் தகவலை யாரிடமிருந்து பெறுகிறீர்கள் என்று கேட்டது. நூற்றுக்கு அறுபது குடும்பங்கள் எங்கிருந்தும் இல்லை என்றன. மற்றவர்கள் சொன்னதில் முதலிடம் முன்னோடி விவசாயிக்கு, 16.7 சதவீதம். இடுபொருள் விற்பவர் 13.1 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளர் 5.7 சதவீதம். வேளாண்மைத் துறையில் சம்பளம் வாங்கும் யாருக்கும் இது சங்கடமான கணக்கு. ஆனால் கழனி வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு ஆச்சரியம் தராது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் 1928 வாக்கில் வந்தது. இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளை ரயன், கிராஸ் என்ற இருவர் விசாரித்து 1943-ல் எழுதினார்கள். 1941-க்குள் இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் மாறியிருந்தார்கள். முதலில் யார் மூலம் கேள்விப்பட்டீர்கள் என்றால் பாதிப் பேர் விதை விற்பனையாளரைச் சொன்னார்கள். போடலாம் என்று முடிவெடுக்க வைத்தது யார் என்றால் மட்டும் அக்கம்பக்கத்து விவசாயிக்குத்தான் அதிக ஓட்டு. கேள்விப்பட்டதற்கும் முழுக் கழனிக்கும் போட்டதற்கும் இடையே பலருக்குப் பல ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. முதல் ஆண்டில் ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

வேளாண் கல்லூரியில் விரிவாக்கப் பாடம் படித்த எல்லோருக்கும் எவரெட் ரோஜர்ஸ் என்ற பெயர் தெரியும். புதிய முறைகள் எப்படிப் பரவுகின்றன என்று 1962-ல் புத்தகம் எழுதியவர். அவரே அயோவா விவசாயி வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா புதுப்புது இயந்திரங்களை ஆசையாக வாங்குவார், ஆனால் ஒட்டு மக்காச்சோளத்தை மட்டும் தொடமாட்டேன் என்று பல வருடம் வீம்பாக இருந்தார். 1936-ல் பெரும் வறட்சி. அவர் சோளம் வாடிச் சாய, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் ஒட்டுச் சோளம் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மாறினார். அவரை மாற்ற யாரும் பேச வேண்டியிருக்கவில்லை, வேலியைத் தாண்டி ஒரு பார்வை போதுமாக இருந்தது.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல். அதற்கு முன் எல்லாம் வட ஆற்காடு. 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 இந்தியாவுக்கு வந்தபோது வட ஆற்காட்டில் தீயாகப் பரவியது. ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே 'ஐ.ஆர். எட்டு' என்று பெயர் வைத்துவிட்டார். இத்தனைக்கும் அந்த அரிசி குண்டு, ஆறினால் விறைத்துப்போகும். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழைய ரகம் ஒரு பாத்தியில் தனியாக இருந்தது. பசுமைப் புரட்சி சிறு விவசாயிக்கு என்ன செய்தது என்று பார்க்க எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்தும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் ஆரணி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத்தான் வந்தார்கள்.

மச்சான் கொடுத்த அந்த நெல்லுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. பி.பி.டி. 5204-ன் தாய் தகப்பன் வரிசையில் மசூரி என்றொரு ரகம் வருகிறது. இன்னொரு பெயரான 'சம்பா மசூரி'யில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மசூரி மலேசியாவில் 1965-ல் வெளியான நெல். அறுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்கு வந்தது. இங்கே ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்துவிட்டு, உயரமாக வளர்ந்து சாய்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஆந்திரத்து விவசாயக் கூலி ஒருவர் கொஞ்சம் விதையைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அவரிடமிருந்து பக்கத்து வயல், அங்கிருந்து அடுத்த ஊர், பிறகு மாநிலம் தாண்டி. ஒரு கட்டத்தில் ஐ.ஆர். 8, ஜெயா இரண்டுக்கும் அடுத்தபடியாக நாட்டில் அதிகம் பயிரான நெல் அதுதான் என்கிறது வேளாண் வரலாறு. நம் ஊர்ப் பொன்னியும் அந்த வம்சம்தான். விஞ்ஞானி வேண்டாம் என்றதை வாய்ச்சொல் வாழவைத்தது. ஆக, பேச்சில் பரவுவதெல்லாம் ஆபத்து என்று துறைக்காரர்கள் கையை உதறிவிட முடியாது.

இந்த வழியைத் துறையும் பயன்படுத்தப் பார்த்தது. எண்பதுகளில் 'பயிற்சியும் பார்வையும்' திட்டம் வந்தபோது கிராமத்துக்குச் சிலரைத் தொடர்பு விவசாயிகளாக எடுத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த கிழமையில் பணியாளர் போய் அவரைப் பார்ப்பார், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று ஏற்பாடு. கணக்கில் அழகாகத்தான் இருந்தது. தேர்ந்தெடுத்தது யாரை? பம்புசெட் இருக்கிறவரை, திண்ணையில் நாலு நாற்காலி போடக்கூடியவரை, ஜீப்பு போகும் தெருவில் வீடு உள்ளவரை. அவருடைய பத்து ஏக்கர் அனுபவம் அரை ஏக்கர்க்காரருக்கு ஒட்டாது. "அவருக்கென்ன, போனா போவுது" என்று ஊர் சொல்லிவிடும். பல ஊர்களில் சொன்ன விஷயம் அந்தத் திண்ணையைத் தாண்டவில்லை.

செயல்விளக்கத் திடலிலும் இதைப் பார்க்கலாம். வயல் விழா அன்று பந்தல், மைக், வடை காபி எல்லாம் இருக்கும். ஐம்பது பேர் வந்து உட்கார்ந்து தலையாட்டுவார்கள். உண்மையான வயல் விழா மறுநாள் சாயங்காலம்தான், அதிகாரிகளின் வண்டி போன பிறகு. மாடு ஓட்டிக்கொண்டு போகிற சாக்கில் ஒருவர் வரப்பில் இறங்குவார். ஒரு குத்தைப் பிடுங்கி உட்கார்ந்து தூர் எண்ணுவார். பக்கத்துக் கழனியில் இன்னொரு குத்து. பிறகு வேர்ச் சேற்றைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அன்றிரவு டீக்கடையில் அவர் சொல்லும் எண்ணிக்கைக்கு இருக்கிற மதிப்பு எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் கிடைத்ததில்லை.

டீக்கடைதான் எல்லாம் என்று நினைத்தால் அதுவும் பாதிதான் சரி. ஒற்றை நாற்று நடவு வந்த காலத்தை நினைத்துப் பார்க்கலாம். மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லோலானியே என்ற பாதிரியார் எண்பதுகளில் கண்டெடுத்த முறை. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் சதுரம், கோனோவீடர் ஓட்டிக் களை எடுப்பது. விதையும் தண்ணீரும் மிச்சம், தூர் வெடிப்பு அதிகம். ஆண்களுக்கு அதை எப்படியோ புரியவைத்தாகிவிட்டது. பல ஊரில் அதை நிறுத்தியது நடவு ஆட்கள். விரல் நீளப் பிஞ்சு நாற்றைச் சேற்றில் நிற்க வைத்து, கயிறு பிடித்து, கோட்டில் கோட்டில் குனிந்து நட வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவைத்த கூலிக்கு அது கட்டுப்படியாகவில்லை. "அந்தக் கயித்து நடவுக்குக் கூப்டாதீங்க" என்று ஒரு ஊரில் பெண்கள் சொன்னால் நாலு நாளில் சுற்றியுள்ள ஊர்க் குழுக்களும் அதையே சொல்லும். கூலியைக் கூட்டி, பழகும் வரை பொறுத்துக்கொண்ட ஊர்களில் அது நின்றது. அந்தக் குழுவை ஒருவரும் பயிற்சிக்கு அழைக்காதது துறையின் பெரிய தப்பு. ஒரு பட்டத்தில் பத்துப் பதினைந்து கழனிகளில் இறங்குகிறவர்கள் அவர்கள். எந்த நாற்று வேர் பிடித்தது, யார் வீட்டுக் கழனியில் ஆனைக்கொம்பன் இருந்தது, எது சாய்ந்தது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். நிலம் வைத்திருப்பவர் தன் கழனியை மட்டும்தான் பார்க்கிறார்.

வாய்ச்சொல் எங்கே கெட்டுப்போகிறது என்பதற்கு ஈமு கோழியை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து நிறுவனங்கள் கிளம்பின. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், அதற்கு மேல் மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. சினிமாக்காரர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். ஆனால் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் நடிகரை நம்பிக் கட்டவில்லை. "எனக்கு மாசா மாசம் வருதுண்ணா, பேங்க் புக்கப் பாரு" என்ற பங்காளியை நம்பிக் கட்டினார்கள். அந்தப் பங்காளி சொன்னதும் உண்மை. புதிதாக வருகிறவர் கட்டும் பணத்தில்தான் பழையவருக்கு வருகிறது என்று அவருக்கே தெரியாது. 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. தீவனம் நின்று பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீனி போட வேண்டியதாயிற்று. ஈமு கறியை உள்ளூர்ச் சந்தையில் யார் வாங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். பங்காளியின் பாஸ்புத்தகத்தைப் பார்த்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

சொல்கிறவர் லாபத்துக்குச் சொல்கிறாரா என்பது ஒரு கேள்வி. கடைக்காரர் மூன்று பாட்டில் கொடுத்ததை அந்தக் கேள்வியால் வடிகட்டலாம். ஆனால் மச்சானுக்கும் பங்காளிக்கும் அந்தச் சல்லடை உதவாது. அவர்கள் நல்ல மனதோடு சொல்கிறவர்கள். ஊர்க்காரரின் பேச்சுக்கு மதிப்பு வருவதே அவர் எங்கும் ஓடிவிட முடியாது என்பதால்தான். தப்பானால் நாளைக்கு அதே பால் சொசைட்டி வரிசையில் முகத்தைப் பார்க்க வேண்டும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதனால்தான் ஒரு விதை பொய்த்தால் விவசாயிக்குப் பணம் மட்டும் போவதில்லை, சில வீடுகளில் பொங்கல் சீரும் நின்றுபோகிறது.

கலசப்பாக்கத்து வீட்டில் அடுத்த நவரைக்கு என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது மாமா, "யார் சொன்னாலும் கேக்கறதில்ல" என்று இருந்தார். நடவுக்கு ஆள் பேச வந்த மேஸ்திரி அம்மாதான் வாசலில் நின்றபடியே, "கோ அம்பத்தொண்ணு போட்டுப் பாருங்க. மூணு ஊருல நட்டோம், அறுப்புக்கும் நாங்கதான் போனோம். பங்குனியிலயே கட்டு வந்துடுது" என்றார். மாமா பதில் பேசவில்லை. அந்த அம்மா விடவில்லை. எந்தப் பட்டத்தில், கிணறா ஏரியா, எத்தனை நாள், மருந்து எத்தனை தடவை என்று கேட்டார். மேஸ்திரி அம்மா ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். எல்லாம் கிணற்றுப் பாசனம், எல்லாம் நவரை. 105 முதல் 110 நாள். மறுநாள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்கினார்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்தார்கள். யூரியாவை மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள். சித்திரை பிறக்கும்போது கழனி காலி. சங்கிலி வைகாசியில் வீட்டுக்கு வந்தது.

அந்த அறுவடைக்குத் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். களத்தில் தூற்றிக்கொண்டிருந்த மாமாவிடமிருந்து முறத்தை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "நான் எப்ப நாத்து விட்டேன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல மாமா" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றார் மாமா.

இந்தத் தீபத்துக்கும் தம்பி வந்திருந்தார். ஆரணியில் புதிதாக ஒரு ரகம் பேசிக்கொள்கிறார்கள் என்று பையில் நாலு படி விதை கொண்டுவந்திருந்தார். மாமா பையைத் தொடுவதற்கு முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார். யாரு போட்டது, எந்தப் பட்டம், தண்ணி எங்கேருந்து. இரண்டு கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை. அங்கேயே போனில் அந்த விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். கடைசியில் கிணற்று வாய்க்காலை ஒட்டி ஐந்து சென்ட் மட்டும் ஒதுக்கினார்கள். மீதிக் கழனி முழுக்கப் பழைய ரகம்தான்.

அந்த ஐந்து சென்ட் இப்போது தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் சாயங்காலமானால் அந்த வரப்பில் நிற்கிறார்கள். நேற்று யாரோ ஓரத்தில் ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுப் போயிருக்கிறார்கள்.